மேற்கூரையில் ஈரக்கறை: பத்து நிமிடப் பார்வை போதாது

படுக்கையறை மேற்கூரையில் ஈரக்கறை படர்வதாகவும், ஆய்வுக்கு வந்தவர் மொட்டைமாடியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, தளம் முழுவதற்கும் நீர்க்காப்புப் பூச்சு தேவை என்று சொல்லிச் சென்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முறையான ஆய்வு வீட்டின் உள்ளே, கறைக்கு நேர் கீழே தொடங்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் புகுந்த நீர் பல நேரங்களில் நேராகக் கீழே இறங்காமல், விரிசலை ஒட்டி நகர்ந்து வேறோர் இடத்தில் வெளிப்படும் என்பதால், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, வடிகால் வாய், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் ஆகியவற்றை அவர் குனிந்து பார்த்தாரா என்பதே முக்கியம். சிறு சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி கேட்டால், அங்கே பூச்சு பிடிப்பை விட்டிருக்கிறது என்று பொருள். கறை செம்பழுப்பாக இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். அதைப் பூச்சால் மூடிவிடுவது ஆபத்து, கட்டமைப்புப் பொறியாளர் அவசியம் பார்க்க வேண்டும்.

ஐயம் நீடித்தால், தளம் எடையைத் தாங்குமா என்று உறுதிசெய்துகொண்டு, வடிகாலை அடைத்து 24 முதல் 48 மணி நேரம் நீர் தேக்கிச் சோதிப்பார்கள். மழையில்லாத நாட்களிலும் கறை காயவில்லையென்றால் குழாய்க் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள். படங்களுடன், கசிவின் காரணத்தையும் குறிப்பிடும் எழுத்துவடிவ அறிக்கையைக் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.