வெட்டிப்போட்ட வாக்குமூலங்கள்

கேள்வி: ஐயா, பிராட் பிட் நடித்த 'வேர்ல்ட் வார் இசட்' படத்தைப் பள்ளிக்கூட நாளில் பார்த்து மிரண்டவன் நான். போன மாதம் நாவலைப் படித்தேன். பிராட் பிட் பாத்திரமே அதில் இல்லை! பெயர் மட்டும்தான் ஒன்று. உங்களுக்கு எது பிடிக்கும்?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: நாவல்தான் தம்பி, யோசிக்காமல் சொல்வேன்.

அதற்காகப் படம் மட்டமில்லை. மார்க் ஃபார்ஸ்டர் இயக்கி 2013இல் வந்தது. ஜெருசலேம் மதிலில் நடைபிணங்கள் எறும்புச் சாரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியுமே, மால்டாவில் எடுத்த காட்சி அது. தியேட்டரில் நான் நாற்காலிக் கைப்பிடியை விடவே இல்லை. முடிவுக்கு முதலில் ரஷ்யாவில் நடப்பதுபோல் பெரிய சண்டை எடுத்தார்கள். அது சரிவரவில்லை என்று, வேல்ஸ் ஆய்வுக்கூடத்தில் முடிவதுபோல் மாற்றி எழுதிப் படமாக்கினார்கள். எனக்கு அந்த ஆய்வுக்கூடம்தான் பிடித்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடைபிணம் ஒன்று பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கம் பிராட் பிட் தன் உடம்பிலேயே நோய்க்கிருமியை ஏற்றிக்கொள்வார்.

மேக்ஸ் புரூக்ஸ் 2006இல் எழுதிய நாவலில் இப்படி ஒரே வீரன் கிடையாது. நடைபிணங்களோடு நடந்த போர் ஓய்ந்தபின் ஐ.நா. அறிக்கைக்காக ஒருவர் நாடு நாடாகப் போய்ப் பிழைத்தவர்களிடம் பேசுகிறார். அறிக்கைக்குப் புள்ளிவிவரம் போதும், மனிதர்கள் சொன்ன கதை வேண்டாம் என்று மேலிடம் வெட்டிவிடுகிறது. வெட்டிப்போட்ட அந்த வாக்குமூலங்கள்தான் நாவல். படமும் அவற்றையேதான் வெட்டியது. எனக்கு அதுதான் வருத்தம்.

நாவலில் 'ஆப்பிரிக்க வெறிநோய்' என்று வருமே, கவனித்தீர்களா? மனிதரை நடைபிணமாக்கும் நோய்க்குத் தப்பான பெயர் வைத்து, அதற்கு ஒரு தடுப்பு மருந்தையும் விற்பார்கள். ஊசி போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்தப் பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1998, 99இல் நம் மலேசியாவில் நிப்பா வைரஸ் நோய் வந்தபோது, முதலில் அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ பன்றிகளிடமிருந்து நேரே தொற்றிக்கொண்டிருந்தது. புதுக் கிருமி என்று மலாயா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்து, பத்து லட்சம் பன்றிகளுக்குமேல் அழித்தபிறகுதான் அடங்கியது. நூறு பேருக்குமேல் இறந்துபோனார்கள்.

என் மாமா அப்போது பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டினார். ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை என்று மறுநாளே பண்ணைக்குள் போயிருக்கிறார். கூட மூட்டை இறக்கிய பையனுக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் நினைவு தப்பியது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பினாங்கில் எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, "இங்கதான்டா போட்டாங்க" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டுவார். நூறு தடவை கேட்ட கதைதான். என்றாலும் அந்தப் பையனின் பெயரைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே சொல்வார்.

படத்தை மறுபடி பாருங்கள், தப்பில்லை. ஆனால் நாவலில் அலாங் கப்பல் உடைக்கும் துறை வரும் பகுதியை மட்டும் பினாங்கு பெர்ரியில் வரும்போது ஒருமுறை படியுங்கள் தம்பி. நான் அப்படித்தான் படித்தேன். அக்கரை வந்ததுகூடத் தெரியவில்லை.