பிளகின் ஃபெயில் ஆனால் புரோக்கரிடம் ஓடாதீர்கள்

கேள்வி: கானாவுக்கென்றே டோலக், சட்டி ஒலிகளைப் பதிவுசெய்து, ஜூஸ் (JUCE) என்ற நிரல் கட்டமைப்பில் ஒரு இசைக்கருவி பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் புரோகிராம், எழுதியிருக்கிறேன். என் மேக்கில் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் நன்றாக ஓடுகிறது. ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோவில் திறந்தால் வேலிடேஷன் (சரிபார்ப்பு) ஃபெயில் என்கிறது. ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்தால் ஆப்பிளிடம் அப்ரூவல் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், தம்பி. அப்படி ஒரு அப்ரூவலே கிடையாது. லாஜிக் உங்கள் பிளகினை ஆப்பிளில் யாருக்கும் அனுப்புவதில்லை. உங்கள் மேக்கிலேயே ஏயூவால் (auval) என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. சோதிப்பது அதுதான், அதற்குக் கட்டணமும் இல்லை. எஃப்.சி. காட்ட நிற்கும் லாரி பக்கத்தில் புரோக்கர் வந்து நிற்பதுபோல இங்கேயும் ஆள் முளைத்துவிட்டார்கள். அவர் உங்கள் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டையும் கேட்பார். அதையும் கொடுக்காதீர்கள்.

லாஜிக் 'ஃபெயில்' என்று சொல்லிவிட்டுக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லாமல் விடுகிறது. எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். காரணம் தெரிய, டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) நீங்களே ஏயூவாலை ஓட்டுங்கள். மைனஸ் வி (-v) போட்டு, இசைக்கருவிக்கான ஏ-யூ-எம்-யூ (aumu), உங்கள் பிளகின் குறியீடு, தயாரிப்பாளர் குறியீடு மூன்றையும் வரிசையாகக் கொடுங்கள். எந்தச் சோதனையில் நின்றது என்று அங்கே வரும். பிளகினே கிடைக்கவில்லை என்று வந்தால் கோப்பு, மேக் பிளகினைத் தேடும் காம்போனன்ட்ஸ் ஃபோல்டரில் இல்லை, அல்லது குறியீடு தப்பு. இரண்டு குறியீடுகளும் நான்கு எழுத்து. முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்கட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் பஃபர் மேல்தான், அதாவது ஒரே தடவையில் கேட்கப்படும் ஒலித்துண்டின் அளவு மேல். ரீப்பரில் 512 வைத்து ஓட்டியிருப்பீர்கள். ஏயூவால் 64 கேட்கும், 137 கேட்கும், 4096 கேட்கும். சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்ற கணக்கை) 11025 முதல் 192000 வரை மாற்றிப் பார்க்கும். 512 இடமுள்ள அரேயில் 4096 எழுதினால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஜூஸின் பிரிப்பேர்-டு-ப்ளே (prepareToPlay) ஃபங்ஷன் தருகிற அளவை வைத்து அங்கேயே இடம் ஒதுக்குங்கள். அது பலமுறை அழைக்கப்படும். ஒவ்வொரு முறையும் பழையதைச் சுத்தம் செய்ய வேண்டும். 44100 என்று எங்காவது கையால் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். வேலிடேஷன் அதைப் பிடிக்காமல் போகலாம், ஆனால் ஸ்டூடியோவில் 48000-இல் திறக்கும்போது டோலக்கின் சுருதி ஏறிவிடும். சோதனை புரோகிராமுக்குச் சுருதி தெரியாது.

திருத்தியபின் டிராக்‌ஷன் நிறுவனத்தின் பிளகின்வால் என்ற சோதனை புரோகிராமிலும் ஓட்டுங்கள், அதுவும் இலவசம். கண்டிப்பு அளவு 5-ஐயாவது தாண்ட வேண்டும். பிறகு லாஜிக்கின் பிளகின் மேனேஜரில் மறுபடி ஸ்கேன் கொடுங்கள். பழைய தீர்ப்பை அது நினைவில் வைத்திருக்கும்.

ஆப்பிளுக்குப் பணம் கட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. புரோக்கர்கள் குழப்புவதும் அதை வைத்துத்தான். பிளகினை இணையத்தில் ஏற்றி மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் டெவலப்பர் கணக்கு வேண்டும்: ஆண்டுக்கு 99 டாலர். அதில் கிடைக்கும் சான்றிதழால் கையெழுத்திட்டு, நோட்டரைசேஷனுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் இயந்திரம் செய்கிற வைரஸ் சோதனைதான். உங்கள் சட்டியை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் மேக்கிலேயே கட்டி உங்கள் மேக்கிலேயே ஓட்டும்வரை இது தேவையில்லை. நண்பருக்குப் பென் டிரைவில் கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அதே கோப்பை டிரைவ் லிங்க்கில் இறக்கினால் மேக் அதைத் தடுக்கும். அப்போது "என் மேக்கில் பாஸ், அவன் மேக்கில் ஃபெயில்" என்று கோடைப் பிய்த்துப் போடாதீர்கள், கோடில் ஒன்றும் இல்லை. "என் கணக்கில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அவர் சான்றிதழ் ரத்தானால் உங்கள் பிளகினை வாங்கியவர்கள் எல்லோரும் உங்களைத்தான் கேட்பார்கள். கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் நின்றால் லாஜிக் காட்டும் பெட்டியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. ஏயூவால் அறிக்கையின் கடைசி இருபது வரிகளை அப்படியே எழுத்தாக அனுப்புங்கள்.