பாவித்த அலுமாரியிலும் துணிகளிலும் ஊறிய பழைய புகை மணத்தை எப்படிப் போக்குவது?

சில ஆண்டுகளுக்கு முன்னர், வெளிநாடு புறப்பட்ட ஒரு குடும்பத்திடம் வவுனியாவில் முதிரை மர அலுமாரி ஒன்றை வாங்கி, கிளிநொச்சிக்கு ஏற்றி வந்து கதவைத் திறந்த அன்றே இந்தக் கேள்வி எனக்கும் எழுந்தது. அந்த வீட்டுக்காரர் அறைக்குள்ளேயே சிகரட் புகைப்பவராம். பொலிஷின் மினுக்கத்தில் மயங்கிய நான், வாங்கும்போது ஒரு லாச்சியையேனும் இழுத்து முகர்ந்து பார்க்கவில்லை.

அம்மா முதல் வேலையாகச் சாம்பிராணி போட்டார். இரண்டு நாள் கோயில் மணம் வீசியது. மூன்றாம் நாள் இரண்டும் கலந்த ஒரு மணம் வந்தது, அது முன்னையதைவிட மோசம். பூச்சி உருண்டையும் வாசனைத் திரவியமும் இப்படித்தான், மணத்தை மூடுமேயன்றி எடுக்காது.

மணம் காற்றில் நிற்பதன்று. தாரும் நிக்கொட்டினும் மரத்தில் மெல்லிய பிசினாகப் படிந்து, ஈரப்பதன் கூடும்போதெல்லாம் மீண்டும் காற்றில் கலக்கின்றன. கோடையில் போய்விட்டது என்று நினைத்த மணம் ஐப்பசி மழையோடு திரும்பி வருவது இதனால்தான். ஆகவே முதலில் அந்தப் படிவைத் துடைத்தெடுக்க வேண்டும். நிக்கொட்டின் காரத்தன்மை உள்ளது என்பதால் வினாகிரியிலுள்ள அமிலம் அதை எளிதில் ஆவியாகாத, நீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, லாச்சிகளின் அடிப்புறம், பின்பலகை, கதவின் மேல்விளிம்பு என்று கண்ணில் படாத இடங்களையே முதலில் துடைத்தேன். வெள்ளைத் துணி பிளேன்டீ நிறத்துக்கு வந்தது. ஐந்தாவது துணியில்தான் நிறம் வெளிறியது. வினாகிரியோடு வெளிற்றும் திரவம் எதையும் கலந்துவிடாதீர்கள், நச்சுத்தன்மையான குளோரின் வாயு வெளிப்படும்.

விறகடுப்புப் புகை ஏறிய பெட்டகம் என்றால் கதை வேறு. அந்தப் புகையில் அசற்றிக் அமிலம் போன்ற அமிலப் பொருட்கள் அதிகம். அதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீரே பொருத்தம். எதுவானாலும் மறைவான மூலையில் சோதித்துப் பார்த்த பின்னரே முழுவதும் பூசுங்கள், அமுக்குப் பலகையாயின் ஈரம் பட்டால் ஊதிவிடும்.

துடைத்த பின் சோழகக் காற்றுப் படும் திண்ணையில் லாச்சிகளைக் கழற்றி இரண்டு கிழமை வைத்தேன். அதன் பின்னும் எஞ்சிய மணத்துக்கு, தச்சரிடம் சொல்லி உட்புறத்தில் அரக்குப் பொலிஷ் இரண்டு பூச்சுப் பூசுவித்தேன்; அரக்கு மரத்தின் நுண்துளைகளை அடைத்து, உள்ளே இருப்பதை வெளியே விடாது. வெறும் வார்னிஷைவிட இதற்கு அரக்கே மேல் என்பது என் எண்ணம்.

சேலைகளையும் போர்வைகளையும் அப்பச்சோடாத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துச் சவர்க்காரத்தில் துவைத்தால் போதும். பட்டுக்கு இது ஆகாது, நிழலில் காற்றாட விடுங்கள். புத்தகங்களை நனைக்க முடியாது. ஆதலால் மூடியுள்ள தகரப் பெட்டியில், சிறு கிண்ணங்களில் அப்பச்சோடாவும் சிரட்டைக்கரியும் வைத்து, தாள்களை விரித்தபடி ஒரு மாதம் விட்டேன். கணிசமாகக் குறைந்தது, முற்றாகப் போகவில்லை. பஞ்சு மெத்தையும் தலையணையும் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்; உள்ளே ஏறிய புகையை வெளியே எடுக்க வழியில்லை.

எங்கள் அலுமாரியின் அடி லாச்சி ஒன்றில் கார்த்திகை மழை நாட்களில் இன்னமும் இலேசாக மணம் வரும். அதில் சுத்தியலும் ஆணிகளும் வைத்திருக்கிறோம்.