வரி ரசீது இருந்தால் போதுமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை வாங்கப் பேசி வருகிறோம். மாடியை அனுமதியில்லாமல் எழுப்பியிருக்கிறார்கள். மாநகராட்சி நோட்டீஸும் வந்திருக்கிறது. "வரி கட்டுகிறோம், வில்லங்கமும் இல்லை" என்கிறார் உரிமையாளர். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் காட்டும் இரண்டுமே கட்டட அனுமதிக்குச் சான்று ஆகாது. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், நோட்டீஸ் வராது. கிரயம் முடிந்தபின் இடிப்பு உத்தரவு வந்தால் பாதிப்பு உங்களுக்கே.

நோட்டீஸ் நகலையும் அங்கீகரித்த வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற பொறியாளரை வைத்துத் தளப்பரப்பு, உயரம், பக்கவாட்டுக் காலியிடம் மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளுக்குள் அடங்கினால் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். காலியிடத்தை அடைத்துக் கட்டிய பகுதி பெரும்பாலும் இடிபட வேண்டியதுதான்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை, மாடியின் எடை. சுண்ணாம்புக் காரைச் சுவரும் மரச்சட்டம் தாங்கும் மெட்ராஸ் தளமும் (செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட பழைய கூரை) கான்கிரீட் மாடிக்காகக் கட்டியவை அல்ல. மரச்சட்டம் சுவரில் உட்காரும் இடத்தில் சாய்வான விரிசலோ உளுத்துப்போன முனையோ தெரிந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

பிறகும் வாங்குவதானால், அனுமதி பெறுவதோ இடிப்பதோ விற்பவர் செலவில், கிரயத்துக்கு முன்பே முடிய வேண்டும். முடியாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். வீட்டில் பங்குள்ள பங்காளிகள் அனைவரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.