சொதி ஏன் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மறுவீட்டு விருந்துக்கு வைத்த சொதி சாயங்காலமே ஊசிப்போய்விட்டது. இஞ்சி, பூண்டு எல்லாம் போட்டுத்தானே வைத்தோம்? அதெல்லாம் கிருமியைக் கொல்லும் என்கிறார்களே?"

கொல்லும்தான். ஆனால் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்புக்குள் போனபிறகு அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

பூண்டின் பலம் அல்லிசின் என்ற வேதிப்பொருள். முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கினால்தான் ஒரு நொதி வேலைசெய்து அதை உண்டாக்கும். முழுசாகக் கொதியில் போட்டால் நொதி செத்துவிடும். நசுக்கிப் போட்டாலும், உண்டான அல்லிசின் சூட்டில் சிதையும். கிராம்பின் யூஜினாலும் ஓமத்தின் தைமாலும் இதைவிடச் சூடு தாங்கும். ஆனால் கிருமியை அடக்கும் அளவுக்கு அவற்றைப் போட்டால் குழம்பை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

சொதிக்குத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வைத்திருப்பீர்களே, அது மறுநாளும் கெட்டிருக்காது. இரண்டிலும் இருப்பது அதே இஞ்சிதான். பச்சடியைக் காப்பது புளியும் வெல்லமும் உப்பும். புளிப்பு ஏறினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது; வெல்லமும் உப்பும் அவற்றுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்கின்றன. சொதியிலோ தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, வெந்த காய்! கடைசியில் பிழியும் எலுமிச்சை ருசிக்குத்தான் காணும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மசாலாப் பொருள்களே கிருமி வித்துகளைச் சுமந்து வரும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதிநீரிலும் பிழைத்து, குழம்பு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மிச்சமாகும் என்று தெரிந்தால், முதல் பாலும் எலுமிச்சையும் சேர்க்கும் முன்பே ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் 1 மணி நேரமே அதிகம். முதல் பாலையும் ஃப்ரிட்ஜிலேயே தனியாக வைத்து, தேவைப்படும்போது சேருங்கள்.

வாடை மாறிவிட்டால் மறுபடி கொதிக்கவைத்துப் பரிமாறாதீர்கள். பாக்டீரியா செத்தாலும், வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு கொதியில் அழியாது. விருந்து முடிந்து 4 மணி நேரம் வெளியிலேயே இருந்த சொதியை, வாடை நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். இதில் மூக்கை நம்ப முடியாது.