வால்ரஸின் தந்தம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருவக் கடல் பற்றிய கட்டுரையில், வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கு மட்டி தின்று வாழ்கிறது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தந்தத்தால் கடலடியைக் கிளறித்தான் மட்டி எடுக்கும் என்று என் மகளின் படப்புத்தகத்தில் இருக்கிறது. சரிதானா? அந்த இருட்டில் மட்டி இருக்கும் இடம் எப்படித் தெரியும்? மட்டியின் ஓட்டை எப்படி உடைக்கும்?

கே.

அன்புள்ள கே.,

சரியில்லை. ஆனால் படப்புத்தகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, நெடுங்காலம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அலாஸ்காவின் பிரான்சிஸ் ஃபே 1982இல் எழுதிய விரிவான ஆய்வில் தந்தத்தின் தேய்மானத்தைக் கவனித்திருக்கிறார். தேய்ந்திருப்பது முன்பக்கம். மூஞ்சியைச் சேற்றில் வைத்து முன்னே நகரும்போது தந்தம் சும்மா இழுபட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். தந்தம் உடைந்தவையும் நன்றாகத் தின்று கொழுத்துத்தான் இருக்கின்றன. அதன் வேலையெல்லாம் ஆண்களுக்குள் யார் பெரியவன் என்று காட்டுவதும், பனிக்கட்டிமேல் ஏற ஊன்றிக்கொள்வதும்.

சோறு போடுவது மீசைதான். 400 முதல் 700 வரை தடித்த மயிர்கள், ஒவ்வொன்றின் அடியிலும் நரம்புகள். கண்ணுக்கு வேலையில்லாத கலங்கல் நீரிலும் மட்டி இருக்கும் இடத்தை மீசை தடவிக் கண்டுபிடித்துவிடும்.

ஓட்டை உடைப்பதே இல்லை. உதட்டால் கவ்விக்கொண்டு நாக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கும். பம்புக்குள் பிஸ்டன் போவது மாதிரி. சதை வாய்க்குள் வந்துவிடும், ஓடு கடலடியிலேயே கிடக்கும். நெதர்லாந்தில் வளர்ப்பு வால்ரஸ்களிடம் அளந்தபோது, நீருக்குள் அந்த உறிஞ்சல் ஒரு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டியது. வயிற்றை அறுத்துப் பார்த்தவர்களுக்கு ஓடு அபூர்வமாகவே கிடைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வடகிழக்குக் கிரீன்லாந்தின் யங் சவுண்டில் நடந்த ஆய்வு. முக்குளிப்பவர்கள் வால்ரஸ் மேயும் இடத்துக்கே போய்ப் படம் பிடித்தார்கள். 2003இல் முடிவுகள் வெளிவந்தன. சேற்றை விலக்க வால்ரஸ் துடுப்பு போன்ற முன்கையை விசிறுகிறது, அல்லது வாயால் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. துடுப்பை விசிறியபோதெல்லாம் பெரும்பாலும் வலதுதான்! எலும்புக்கூடுகளை அளந்தால், வலப்பக்கக் கை எலும்புகள் சற்று நீளம். அதே இடத்தில், மேய்ந்துவிட்டுப் போனபின் கிடந்த புது ஓடுகளை எண்ணியதில், ஒரு முழுக்குக்குச் சராசரியாக 50க்கு மேல் மட்டி. முழுக்கு ஐந்தாறு நிமிடந்தான். ஒரு மட்டிக்கு ஏழு விநாடிகூட இல்லை, போய்வரும் நேரத்தையும் சேர்த்து.

நீங்கள் கேட்காத ஒன்று. இத்தனை பெரிய விலங்கு ஆழம் குறைந்த கடலை நம்பியே வாழ்கிறது, மேய்ச்சல் பெரும்பாலும் 100 மீட்டருக்குள். அலாஸ்காவுக்கு வடக்கே சுக்சி கடலில் தாயும் குட்டியும் மிதக்கும் பனிமேல் படுத்து, அங்கிருந்தே நேராகக் கீழே இறங்கி மேயும். கோடையில் அந்தப் பனி ஆழ்கடல் பக்கம் விலகிப்போனால் கரையேறுவதைத் தவிர வழியில்லை. 2014இல் பாயிண்ட் லே கிராமத்துக்கு அருகே சுமார் 35,000 வால்ரஸ்கள் அப்படி ஒதுங்கின. அந்தக் கூட்டம் மிரண்டு ஓடினால் முதலில் நசுங்குவது குட்டிகள். நல்ல மேய்ச்சல் திட்டுகளுக்கும் அங்கிருந்து வெகுதூரம் நீந்தித்தான் போக வேண்டும்.