கடைக்கு வந்து சேராத பாடல்கள்

கேள்வி: எழுபதுகளின் அமெரிக்க ராக் இசையைப் பற்றி எதைப் படித்தாலும் ‘பிக் ஸ்டார்’ என்ற குழுவின் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் அக்காலத்து வெற்றிப் பட்டியல்களில் அவர்களைக் காணவில்லை. அவ்வளவு நல்ல பாடல்கள் என்றால் ரசிகர்கள் அப்போதே ஏன் ஏற்கவில்லை? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ரசிகர்கள் அப்பாடல்களைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கேட்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. மெம்ஃபிஸ் நகரின் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் உருவான இக்குழுவின் முதல் ஆல்பம், ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ என்ற பெயரில் 1972-இல் வெளிவந்தபோது விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். பாடகர்களில் ஒருவரான அலெக்ஸ் சில்ட்டனும் புதுமுகம் அல்லர். ‘பாக்ஸ் டாப்ஸ்’ குழுவுக்காக 16 வயதில் அவர் பாடிய ‘த லெட்டர்’ 1967-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது.

கோளாறு விநியோகத்தில் இருந்தது. ஆர்டென்ட்டின் இசைத்தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு அதே ஊரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த ‘சோல்’ இசையில் கொடிகட்டிப் பறந்த ஸ்டாக்ஸுக்கு, இத்தகைய கிட்டார் பாடல்களை எந்த வானொலிக்கு, எந்தக் கடைக்குக் கொண்டுபோவது என்பதில் போதிய அனுபவம் இல்லை. பின்னர் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கொலம்பியாவோ பழைய விநியோகஸ்தர்களை ஒதுக்கியதோடு, ஏற்கெனவே கடைகளில் இருந்த பிரதிகளையும் திரும்பப் பெற்றது. விமர்சனத்தைப் படித்து ஆவலோடு கடைக்குப் போனவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியிருந்தது. அந்த ஆல்பம் அப்போது 10,000 பிரதிகள்கூட விற்கவில்லை என்பார்கள். 1974-இல் வந்த ‘ரேடியோ சிட்டி’க்கும் ஏறத்தாழ அதே கதிதான். 1975 முடிவதற்குள் ஸ்டாக்ஸே திவாலாகிவிட்டது. ஆகவே, மக்கள் ஒதுக்கிய பாடல்கள் என்று இவற்றைச் சொல்வது அந்தக் காலத்து ரசிகர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ‘பவர் பாப்’ என்று தனியாக ஒரு வகையைச் சொல்கிறார்களே, அதன் அடையாளம் என்ன? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அறுபதுகளின் பீட்டில்ஸ் பாணியில் அமைந்த இனிய மெட்டும் கூட்டுக்குரலும் ஒரு பக்கம், உரத்து ஒலிக்கும் கிட்டாரும் அழுத்தமான டிரம்ஸும் மறுபக்கம் என இரண்டும் சேர்ந்து மூன்று நிமிட அளவுக்குள் முடிந்துவிடும் பாடல் என்று பொதுவாகச் சொல்லலாம். ‘ரேடியோ சிட்டி’யில் உள்ள ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மணியோசைபோல் கணீரென்று ஒலிக்கும் கிட்டாருடன் தொடங்கும் அப்பாடலின் மெட்டு துள்ளிக்கொண்டு போகிறது. பாடுபவரின் குரலிலோ ஏமாற்றத்தின் வலி இருக்கிறது. மெட்டு ஒரு திசையிலும் மனம் வேறு திசையிலும் போகும் இந்த இழுபறிதான் என்னை அப்பாடலிடம் திரும்பத் திரும்ப அழைத்துச் செல்கிறது. ஆர்டென்ட்டின் நிறுவனர் ஜான் ஃப்ரையின் ஒலிப்பதிவுத் திறமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் துலங்குவதால், அரை நூற்றாண்டு கடந்தும் அதில் பழைமை தட்டவில்லை.

கேள்வி: அப்படி மறைந்துபோன பாடல்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் பிற இசைக்கலைஞர்களின் அன்பால்தான். ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாடலை ‘பேங்கிள்ஸ்’ குழுவினர் 1986-இல் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள். அடுத்த ஆண்டே ‘ரீப்ளேஸ்மென்ட்ஸ்’ குழு, அலெக்ஸ் சில்ட்டனின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாடலை வெளியிட்டது. ‘ஆர்.இ.எம்.’ குழுவினரும் ஸ்காட்லாந்தின் ‘டீனேஜ் ஃபேன்கிளப்’ குழுவினரும் தங்கள் இசையில் பிக் ஸ்டாருக்கு உள்ள பங்கை வெளிப்படையாகச் சொன்னார்கள். மறுபதிப்புகள் அந்த ஆர்வத்தைத் தொடர்ந்து பெருகின. 1993-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சில்ட்டனும் டிரம்ஸ் கலைஞர் ஜோடி ஸ்டீபன்ஸும் இரண்டு இளைய கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பிக் ஸ்டார் என்ற பெயரில் மறுபடி மேடை ஏறினார்கள்.

தொலைக்காட்சி வழியாகவும் இது நடப்பதுண்டு. ‘பேட்ஃபிங்கர்’ குழுவின் ‘பேபி ப்ளூ’ 1972-இல் அமெரிக்காவில் ஓரளவு வெற்றி பெற்ற பாடல்தான்; ஆனாலும் 2013-இல் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் இறுதிக் காட்சியில் ஒலித்த பிறகே புதிய தலைமுறை அதைத் தேடி வாங்கியது. அதை எழுதிப் பாடிய பீட் ஹாம் 1975-இலேயே, 27 வயதில் இறந்துவிட்டார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகி, சேலம்)

பதில்: ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ ஆல்பத்தின் ‘தர்ட்டீன்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். டிரம்ஸ் கிடையாது, அக்கூஸ்டிக் கிட்டாரும் குரல்களும் மட்டுமே. பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும்போது உன்னுடன் நடந்து வரலாமா என்று ஒரு சிறுவன் தயங்கித் தயங்கிக் கேட்பதே முழுப் பாட்டும். பிறகு, பிடித்த பாடலை எழுதியவர் யார் என்று பார்த்து அவரைப் பின்தொடருங்கள். எடுத்துக்காட்டாக, ‘ப்ளாண்டி’ குழு 1978-இல் புகழ்பெறச் செய்த ‘ஹேங்கிங் ஆன் த டெலிஃபோன்’ பாடலை எழுதிய ஜாக் லீயைத் தேடினால், அவர் இருந்த ‘நெர்வ்ஸ்’ என்ற சிறு குழு 1976-இல் செய்த அதன் மூலப்பதிவு கிடைக்கும். பிக் ஸ்டாரிலேயே, முதல் ஆல்பத்துக்குப் பிறகு விலகிய கிறிஸ் பெல்லைத் தவறவிடாதீர்கள். 1978-இல் ‘ஐ ஆம் த காஸ்மாஸ்’ என்ற ஒரே ஒரு தனித்தட்டை (பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு இசைத்தட்டு) வெளியிட்ட அவர், அவ்வாண்டு டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். அவருடைய தனிப் பாடல்கள் ஆல்பமாகத் தொகுக்கப்பட்டது 1992-இல்தான். அந்தத் தனித்தட்டின் மறுபக்கப் பாடலான ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’ பாடலில் அவருடன் இணைந்து ஒலிக்கும் குரல் அலெக்ஸ் சில்ட்டனுடையது.